ஐந்து கேள்விக்குறிகள்

திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஏதாவது ஒரு ரிப்பேர் காத்திருக்கும். மிக்ஸி, வாட்டர் பம்ப், அப்பாவின் ரேடியோ என்று வரிசை மாறும். போன கோடை விடுமுறையில் அது விமானம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டிலிருந்த மருமகன் ஜாய்ஸ்டிக்கும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டான்.

"மாமா, ப்ளேன் கெளம்பவே மாட்டேங்குது. தொட்டா விழுந்துடுது."

சேர்த்து வைத்த காசில் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்றை வாங்கியிருந்தான். கணினிக்குள் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். அதைத் திறந்தால் ஒரு விமானப் படம் வருகிறது. படத்தின் அடியில் ஒரு நீலப் பட்டை மெல்ல நீள்கிறது. பாதி வழியில் எல்லாம் மறைந்துபோய், பழையபடி மேசைத்திரையும் அதிலுள்ள அவன் பள்ளிக்கூடக் குழுப்படமும் தெரிகின்றன. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை ஒலி இல்லை. சிமுலேட்டர் பிரியர்கள் இதை 'சிடிடி' என்பார்கள். வானத்தில் பறக்க வேண்டியது மேசைத்திரையில் வந்து விழுந்தது என்று பொருள்.

அவனும் சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறான். கிராபிக்ஸ் கார்டுக்குப் புதிய டிரைவர் போட்டிருக்கிறான். கடைசியாக அக்காவிடம் புதுக் கணினி கேட்டு, திட்டு வாங்கியிருக்கிறான்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் விழுதா?" என்று கேட்டேன். அவன் கவனித்திருக்கவில்லை. நான்கு முறை திறந்து பார்த்தோம். நான்கு முறையும் நீலப் பட்டை படத்திலுள்ள விமானத்தின் வாலுக்கு நேர் கீழே வந்ததும் நின்றது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கணினி சூடாகியோ, நினைவக அட்டை பழுதாகியோ, மின்சாரம் போதாமலோ விழுந்தால் பெரும்பாலும் இன்று இங்கே விழும், நாளை வேறெங்கோ விழும். தவறாமல் ஒரே இடத்தில் விழுவதற்கு அங்கேயே ஒரு காரணம் இருக்க வேண்டும். எந்தக் கோளாறைக் கூப்பிட்டபோதெல்லாம் வரவழைக்க முடிகிறதோ, அதைப் பாதி பிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம்.

பட்டை நீளும் நேரத்தில்

அந்த நீலப் பட்டை நீளும் ஒரு நிமிடத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது? ஒரு பூமியைக் கட்டி முடிக்க வேண்டும்.

முதலில் பூமியின் அளவே ஒரு தொல்லை. நிலநடுக்கோட்டில் பூமியின் மையத்திலிருந்து தரை 6,378 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கணினி விளையாட்டுகள் பொதுவாக இடங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் 32 பிட் தசம எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கம்தான் துல்லியமாக நிற்கும். மையத்திலிருந்து மீட்டர் கணக்கில் அளந்துகொண்டு வந்தால், அறுபத்து மூன்று லட்சத்தைத் தாண்டும் இடத்தில் அந்த எண்களுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விழுந்துவிடுகிறது. அப்படியானால் விமானியின் இருக்கை இங்கே இருக்கலாம், அல்லது அரை மீட்டர் தள்ளி இருக்கலாம். நடுவில் எங்கும் இருக்க முடியாது. அப்படி ஓட்டினால் விமானம் பறக்காது, உதறும். அதனால் 64 பிட் எண்ணுக்குப் போக வேண்டும். அங்கே அதே இடத்தில் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். இல்லாவிட்டால் அளக்கத் தொடங்கும் புள்ளியையே விமானத்துக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மண். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் மேடுபள்ளங்களை ரேடாரால் அளந்தது. ஃபிளைட்கியர், எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்களின் மலைகள் பலவும் அந்த அளவையிலிருந்து எழுந்தவைதாம். சுமார் 90 மீட்டருக்கு ஓர் உயரப்புள்ளி என்ற கணக்கில் அது உலகெங்கும் கிடைத்தது. அதற்கு முன் பொதுவாகக் கிடைத்த தரவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளிதான். இமயமலை அந்தச் சல்லடையில் தங்கும். 83 மீட்டர் உயரமுள்ள நம் மலைக்கோட்டைப் பாறை நழுவிப் போய்விடும்.

பிறகு இறக்கைகள். எக்ஸ்-பிளேன் இறக்கையையும் சுழலியையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்று தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது. ஃபிளைட்கியருக்குள் இயங்கும் ஜேஎஸ்பிசிம் என்ற கணக்குப்பொறி வழக்கமாக நொடிக்கு 120 தடவை விமானத்தின் விசைகளை எல்லாம் கூட்டிக் கழித்து அடுத்த நிலையைச் சொல்கிறது. காலடியில் மண் வந்து சேரும்வரை விமானத்தைக் கீழே விடாமல் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். தரை வருவதற்குள் விட்டுவிட்டால் ஓடுதளத்தையே ஊடுருவிப் பாதாளத்துக்குப் போய்விடும்.

இதில் ஒரு விசித்திரமான பூதமும் உண்டு. காற்றின் வேகம் சுழியமாக இருக்கும் முதல் கணத்தில் யாராவது சுழியத்தைச் சுழியத்தால் வகுத்துவிட்டால், புரொசசர் கோபித்துக்கொள்வதில்லை. 'எண் அல்ல' என்று பெயருள்ள ஒரு விடையைத் தருகிறது. கணினிகளின் தசமக் கணக்குக்கான 1985ஆம் ஆண்டுத் தரவரையறையிலேயே அதற்கு இடம் உண்டு. அது தனக்குத்தானேகூடச் சமமில்லாதது. அதனோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடையும் 'எண் அல்ல' ஆகிவிடும். பால் குடத்தில் ஒரு சொட்டு மோர் விழுந்த கதைதான். ஒரு இறக்கைத் துண்டில் நுழைந்தது சில நொடிகளில் விமானத்தின் உயரம், திசை, இடம் எல்லாவற்றையும் தொற்றிக்கொள்ளும்.

இவை போதாதென்று கிராபிக்ஸ் கார்டு வேறு. ஒவ்வொரு கார்டுக்கும் உள்மொழி தனி. வானத்தின் நீலத்தையும் தண்ணீரின் பளபளப்பையும் வரையும் குட்டி நிரல்களை, அந்தந்த வீட்டுக் கணினியில் அந்தந்தக் கார்டின் மொழிக்கு மாற்றியாக வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு நொடிக்கு மேல் கார்டு பதில் சொல்லாவிட்டால், அது மயங்கிவிட்டது என்று முடிவுகட்டி விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பும். பலவீனமான கார்டு தொடக்கத்திலேயே சுருண்டுவிடுவதற்கு இதுவும் ஒரு வழி.

ஆக, விழுவதற்கு இத்தனை இடம் இருக்கிறது. பறக்கும்போது விழுவதைவிடக் கிளம்பும்போது விழுவதற்கு வாய்ப்பு அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. எல்லாரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது அங்கேதான்.

காவல்காரன்

"அதெல்லாம் சரி மாமா. ஏன் ஒண்ணுமே சொல்லாம போயிடுது?"

நல்ல கேள்வி. சிமுலேட்டர் தானாகப் போவதில்லை. அதை வெளியேற்றுகிறார்கள்.

நினைவகத்தை வீட்டு எண் போட்ட ஒரு நீளமான தெருவாக நினைத்துக்கொள்ளலாம். இன்றைய கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தனித்தனித் தெரு தருகிறது. அந்தத் தெரு முழுவதும் தனக்கே என்றுதான் நிரல் நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் 4,096 பைட் கொண்ட பக்கங்களாக நினைவகத்தைப் பிரித்து, எந்தத் தெருவின் எந்த எண் நிஜத்தில் எங்கே இருக்கிறது என்று இயங்குதளம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நிரல் கைநீட்டும் ஒவ்வொரு முறையும் புரொசசர் அந்தப் பட்டியல்படிதான் வழிவிடுகிறது. பட்டியலில் இல்லாத வீட்டின் கதவைத் தட்டினால் அந்தக் கணமே வேலையை நிறுத்தி இயங்குதளத்தைக் கூப்பிடுகிறது. நிரலிடம் அதற்குச் சமாதானம் எதுவும் இல்லையென்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியதுதான். பக்கத்தில் ஓடும் பாட்டுக்கோ, திறந்து கிடக்கும் கடிதத்துக்கோ ஒன்றும் ஆவதில்லை.

இந்தக் காவல்காரன் எப்போதும் இருந்தவன் இல்லை. அவன் இல்லாத காலத்திலும் சிமுலேட்டர் இருந்தது. புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970களின் இறுதியில் ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு சிமுலேட்டர் எழுதினார். அதன் வழிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஐபிஎம் பிசிக்காக 1982இல் வெளியானது. டாஸ் இயங்குதளத்தைக்கூட அது எதிர்பார்க்கவில்லை. நெகிழ்வட்டைச் செருகிக் கணினியை இயக்கினால் தானே ஏறி உட்கார்ந்து, திரையோடும் விசைப்பலகையோடும் நேராகப் பேசியது. அன்றைய 8088 புரொசசரில் தெருவும் கிடையாது, காம்பவுண்டுச் சுவரும் கிடையாது. எந்த நிரலும் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்று தப்புச் செய்தால் கணினியே கல்லாகிப் போகும்.

அந்த நேரடிப் பேச்சினாலேயே சிமுலேட்டருக்கு ஓர் உரைகல் பதவி கிடைத்தது. ஐபிஎம் பிசியைப் போலவே இயங்கும் என்று சொல்லிப் பல நிறுவனங்கள் கணினி விற்ற காலம் அது. உண்மையிலேயே அப்படியே இயங்குமா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3 கணக்கு மென்பொருளையும் ஃபிளைட் சிமுலேட்டரையும் போட்டுப் பார்ப்பார்கள். சிமுலேட்டர் கிளம்பாமல் விழுந்தால் கணினி போலி. இன்று கணினி சரி, சிமுலேட்டர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. பக்கங்களாகப் பிரித்துக் காக்கும் வசதி 1985இல் அறிமுகமான இன்டெல் 386 புரொசசரோடு பிசிக்கு வந்தது. சாதாரண வீடுகளுக்கு அந்தக் காவல் முழுதாக வந்து சேர்ந்தது விண்டோஸ் எக்ஸ்பி வெளியான 2001க்குப் பிறகுதான்.

சிமுலேட்டரும் ஒரு காவல் ஏற்பாடாகத்தான் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நியூயார்க் மாகாணத்தின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா திரையரங்கு ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். காற்றைத் துருத்தியால் அழுத்திக் குழலுக்குள் அனுப்பினால் ஆர்கன் பாடும். அதே துருத்திகளை ஒரு மரப்பெட்டிக்கு அடியில் வைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். 1929இல் லிங்க் அப்படி ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். முதலில் அதை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் எடுத்துச் செல்லும் பணியை ஏற்றபோது, மோசமான வானிலையில் சில வாரங்களுக்குள் பலர் இறந்தார்கள். அதன்பிறகே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள் செய்யப்பட்டன. உயிர் போகாமல் விழுந்து பழக ஓர் இடம், அவ்வளவுதான் லிங்கின் பெட்டி. சக நிரல்களுக்கு ஆபத்தில்லாமல் ஒரு நிரல் விழ ஓர் இடம், அதுதான் அந்தத் தெரு. மருமகனின் கணினியில் ஒன்றுக்குள் ஒன்று விழுந்துகொண்டிருந்தது.

விழுந்த இடமும் தடுக்கிய இடமும்

காவல்காரன் ஊமை இல்லை. வெளியேற்றியவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைக்கிறான். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறந்தோம். சிமுலேட்டரின் பெயர், நேரம், 'சி0000005' என்ற எண். பதினாறடிமான எண்முறையில் முதல் எழுத்தான சி என்பது 12. அதன் முதல் இரண்டு பிட்டுகளும் 1 ஆக இருப்பதால், இது அறிவிப்போ எச்சரிக்கையோ அல்ல, பிழை. கடைசியிலுள்ள 5, அனுமதியில்லாத நினைவக முகவரியைத் தொட்டதற்கான எண்.

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். விழுந்த இடத்தைப் பதிவேடு சரியாகவே சொல்லும். தடுக்கிவிட்ட இடம் எங்கேயோ முன்னால் இருக்கும். தெருவில் மயங்கி விழுந்தவருக்கு அந்தத் தெருவிலா நோய் தொற்றியது?

விமான உலகத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து போயிங்கின் மாடல் 299 கிளம்பியது. பின்னால் பி-17 என்று புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானத்தின் முன்மாதிரி அது. செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, கீழே விழுந்து எரிந்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். விமானத்தில் எதுவும் பழுதாகியிருக்கவில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் சுக்கான்களுக்குப் போடும் பூட்டைக் கிளம்புவதற்கு முன் யாரும் எடுத்திருக்கவில்லை. விழுந்தது ஓடுதளத்துக்கு அப்பால், தடுக்கியது புறப்பாட்டுக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் நிரந்தரமாக ஏறியது.

நாங்களும் பட்டியல் போட்டோம். ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் முடிவை எழுத வேண்டும் என்று நிபந்தனை. மருமகன் முதலில் சலித்துக்கொண்டான். டிரைவரையும் மாற்றி, மறுபடி நிறுவி, சிறப்புத் தொகுப்புகளையும் அழித்து, எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்தால் ஒருவேளை சரியாகிவிடும். எதனால் சரியானது என்று மட்டும் கடைசிவரை தெரியாது.

முதல் சந்தேகம் சிறப்புத் தொகுப்புகள் மேல். ஊர் ஊராக விமான நிலையங்கள், புதுப் புது விமானங்கள் என்று ஆர்வலர்கள் செய்து கொடுப்பவை அவை. யார் யாரோ எழுதியவை ஒரே கூரையின் கீழ் வந்து சேர்வதால் சிமுலேட்டர்கள் விழுவதற்கு இவை அடிக்கடி காரணம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றைப் போடும் 'கம்யூனிட்டி' கோப்புறையைக் காலியாக்கிப் பார்ப்பதுதான் பழகியவர்கள் செய்யும் முதல் வேலை. அறுபத்து நான்கு தொகுப்புகள் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. பாதியை எடுக்க வேண்டும். சரியானால் குற்றவாளி எடுத்த பாதியில், விழுந்தால் மிச்சப் பாதியில். 64, 32, 16, 8, 4, 2, 1. ஆறே சோதனை. ஆயிரம் இருந்தாலும் பத்தில் முடிந்துவிடும்.

எங்களுக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திறந்தோம். பட்டை விமானத்தின் வால்வரை வந்தது. விழுந்தது. ஒரே சோதனையில் தொகுப்புகள் அத்தனையும் விடுதலை.

தமிழாசிரியரின் ஆட்சேபம்

மிச்சமிருந்தது சிமுலேட்டரின் சொந்த நாட்குறிப்பு. பெரும்பாலான சிமுலேட்டர்கள் கிளம்பும்போது தாங்கள் செய்வதை எல்லாம் ஒரு லாக் கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். எழுதியதைச் சேர்த்து வைத்து மொத்தமாக வட்டில் கொட்டும் பழக்கம் நிரல்களுக்கு உண்டு. கொட்டுவதற்குள் விழுந்துவிட்டால் கடைசிச் சில வரிகள் நிரலோடு சேர்ந்து போய்விடும்.

டி டிரைவில், சிமுலேட்டரை நிறுவிய கோப்புறையிலேயே லாக் கோப்பு கிடைத்தது. ஒலிக்கருவி கிடைத்தது, ஜாய்ஸ்டிக் கிடைத்தது, விமான நிலையப் பட்டியலைப் படித்தாயிற்று என்று ஒழுங்காகப் போனது. கடைசி வரி, பயனரின் சொந்த அமைப்புகளைச் சேமித்திருக்கும் கோப்பைத் திறக்கப் போவதாகச் சொன்னது. அந்தக் கோப்பின் முகவரியும் அதில் இருந்தது. சி டிரைவ், யூசர்ஸ் கோப்புறை, அதற்குள் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி:

?????

"அதுக்கே தெரியாம அஞ்சு கேள்வி கேக்குது மாமா," என்றான்.

"இதுல உன் பேர் என்னன்னு போட்டிருக்கீங்க?"

"தம்பி. தாத்தா போட்டது."

கணினி வாங்கி வந்த அன்று, பெயர் கேட்ட பெட்டியில் என் அப்பா தமிழில் 'தம்பி' என்று தட்டியிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வீட்டில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். விசாரணை தன் பக்கம் திரும்புவது தெரிந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"பேரனுக்குத் தமிழ்ல பேர் வெச்சா மெஷினுக்கு வலிக்குதாமா?" என்றவர், திரையைப் பார்த்துவிட்டு விரலை நீட்டினார். "தம்பிங்கறது மூணு எழுத்துதானேப்பா? அப்புறம் எப்படி அஞ்சு கேள்விக்குறி?"

அந்த ஆட்சேபம்தான் கதவைத் திறந்தது. தமிழாசிரியருக்குத் த, ம், பி என்று மூன்று எழுத்து. யூனிகோடில் கணினி சேமிப்பது வேறு மாதிரி. த என்று ஒரு குறியீடு. ம என்று ஒன்று, அதன் தலைமேல் புள்ளி தனியாக ஒன்று. ப என்று ஒன்று, இகரக் குறி தனியாக ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஐந்து. கேள்விக்குறிகளும் ஐந்து. ஏதோ ஒரு பெயர் தொலைந்தது என்ற வெறும் ஊகம் இல்லை இது. தொலைந்த பெயரின் நீளம் வரைக்கும் பொருந்திவிட்டது.

சரி, எழுத்துகள் ஏன் கேள்விக்குறிகளாயின? கணினிகளின் ஆங்கில எழுத்துக் குறியீடான ஆஸ்கியில் மொத்தம் 128 இடம். ஒரு பைட்டில் 256 அடங்கும் என்பதால் மிச்சப் பாதியில் ஒவ்வொரு வட்டாரமும் தன் எழுத்துகளை வைத்துக்கொண்டது. பிரெஞ்சுக்கு ஒரு பக்கம், ரஷ்யனுக்கு ஒரு பக்கம். தமிழுக்கும் பலர் பல விதமாகச் செய்தார்கள். ஒரு எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்த காலத்தை மறந்திருக்க மாட்டோம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாம், டாப் என்ற தரக் குறியீடுகள் பேசி முடிவாயின. ஆனால் விண்டோஸ் தன் இயல்பான 256 எழுத்துப் பக்கங்களில் ஒன்றாகத் தமிழை வைத்துக்கொண்டதே இல்லை. 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. விண்டோஸுக்குள் தமிழ் நுழைந்தது அந்த வழியாக மட்டும்தான்.

விண்டோஸில் கோப்பு திறக்கும் செயல்கூறுக்கு இன்றும் இரண்டு வாசல் உண்டு. பெயரின் கடைசியில் 'ஏ' என்று முடிவது குறுகிய வாசல், வட்டாரப் பக்கத்திலுள்ள எழுத்துகள் மட்டுமே போகும். 'டபிள்யூ' என்று முடிவது அகல வாசல், யூனிகோடு முழுதும் போகும். இந்தச் சிமுலேட்டரை எழுதியவர்கள் குறுகிய வாசலைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். 'என் பயனரின் கோப்புறை எங்கே?' என்று நிரல் அந்த வாசலில் நின்று கேட்டதும், விண்டோஸ் 'தம்பி'யை மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பக்கத்தில் தேடுகிறது. த இல்லை. ம இல்லை. இல்லாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை வைத்துக் கொடுக்கிறது.

இதில் ஓர் உபரி வேடிக்கையும் உண்டு. டாஸ் காலத்திலிருந்தே கேள்விக்குறிக்கு 'இந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து' என்று பொருள். அதனால் விண்டோஸில் எந்தக் கோப்பின் பெயரிலும் அது இருக்கக் கூடாது. ஆக, நிரல் தேடிப் போனது இருக்கவே முடியாத ஒரு முகவரியை. கோப்பு கிடைக்காமல், திறக்கப் போன செயல்கூறு 0 என்ற முகவரியோடு வெறுங்கையாகத் திரும்பியிருக்கும். கை காலி என்று பார்க்காமல் நிரல் அந்த முகவரியில் போய்க் கதவைத் தட்டியிருக்கும். இப்படி வெறுங்கையோடு வருகிறவர்களைப் பிடிப்பதற்காகவே ஒவ்வொரு தெருவின் முதல் 64 கிலோபைட்டை விண்டோஸ் ஆளில்லாமல் விட்டு வைத்திருக்கிறது. காவல்காரன் வந்துவிட்டான்.

மூன்று தடவை மறுபடி நிறுவியும் பயனில்லாமல் போனதற்கும் இதுவே விடை. சிமுலேட்டரின் ஒவ்வொரு கோப்பும் புதிதாக வந்தது. வீட்டுப் பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

இதே சாதியில் இன்னொரு கோளாறும் உலகத்தில் உண்டு. ஜெர்மனியில் ஒன்றரையை எழுதும்போது நடுவில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைப்பார்கள். ஊர் வழக்கத்தைப் பார்த்து எண் படிக்கும் நிரல், ஜெர்மன் கணினியில் 0.5 என்று எழுதிய விமானக் கோப்பைத் திறந்தால், புள்ளியைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிட்டு 0 என்று எடுத்துக்கொள்ளும். இறக்கை அகலம் சுழியமான விமானம் எங்கே பறக்கும்? எழுதியவரின் மேசையில் இந்தக் கோளாறுகள் ஒருபோதும் தெரிவதில்லை. அவர் ஊர் வழக்கமும் அவர் பெயரின் எழுத்தும் அந்த 128 இடங்களுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன.

ஓடுதளம் 27

ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதிக்க வேண்டும். கணினியில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து இரண்டாவது பயனர் கணக்கு ஒன்று தொடங்கினோம். அதே கணினி, அதே சிமுலேட்டர், அதே டிரைவர். நீலப் பட்டை விமானத்தின் வாலைத் தொட்டது, தாண்டியது, மூக்குவரை போனது. மருமகன் துள்ளினான். நான் விடவில்லை. பழைய கணக்குக்குப் போய் மறுபடி திறக்கச் சொன்னேன். விழுந்தது. திரும்பப் புதியதில் ஏறியது. அதற்கப்புறம்தான் பட்டியலில் கடைசி வரியை எழுதினோம்.

அப்பாவின் முகம் வாடியிருந்தது. அதற்கும் வழி இருந்தது. விண்டோஸில் கணக்கு தொடங்கும்போது வைக்கும் பெயரில்தான் கோப்புறை உருவாகிறது. பிறகு கணக்கின் பெயரை மாற்றினால் திரையில் தெரிவது மாறுமே தவிர, கோப்புறையின் பெயர் மாறாது. எனவே புதுக் கணக்கின் பெயரைத் தமிழில் 'தம்பி' என்று மாற்றினோம். உள்ளே கதவில் ஆங்கிலம், வாசலில் தமிழ். விண்டோஸின் பழைய வட்டாரப் பக்கத்தையே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு சோதனை வசதியும் 2018 முதல் உண்டு. ஆனால் வேறு பழைய மென்பொருள்கள் அதனால் தடுமாறக்கூடும் என்பதால் தொடவில்லை.

காபி ஆறிப்போய்ப் பாலாடை படிந்திருந்தது. திருச்சி விமான நிலையம், ஓடுதளம் 27, மேற்கு நோக்கி. மருமகன் வேகத்தைக் கூட்டினான். வெள்ளைக் கோடுகள் அடியில் ஓடின. சக்கரம் தரையை விட்டது. "வலப்பக்கம் திருப்புடா, மலைக்கோட்டை தெரியும்," என்றார் அப்பா, முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. திருப்பினான். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான பச்சை மட்டுமே விரிந்தது. மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் அந்தப் பழைய சல்லடையில் நழுவியிருந்தார். எங்கே எங்கே என்று தேடிக்கொண்டே மூக்கை மேலே தூக்கினான். வேகம் குறைந்தது. எச்சரிக்கை மணி கத்தியது. விமானம் இடப்பக்கம் சரிந்து, சுழன்று, பச்சைக்குள் போய் விழுந்தது.

திரையில் ஓடுதளம் திரும்பி வந்தது. அதன்மேல் அதே விமானம், கீறல் இல்லாமல்.

"இப்ப என்னடா? மறுபடியும் விழுந்துடுச்சா அது?"

"அது இல்ல தாத்தா," என்றான் ஜாய்ஸ்டிக்கை மறுபடி பிடித்துக்கொண்டு. "இந்தத் தடவ விழுந்தது நான்."